அடங்கலில் இல்லாத ஊர்

பிரிட்டன் வரைபடத்தில் மேலே மேலே போய், இதற்கப்புறம் கடல்தான் என்கிற இடத்தில் இருக்கிறது ஸ்காட்லாந்தின் சதர்லாந்து. பெயருக்குப் பொருள் 'தெற்கு நிலம்'. வடகோடியில் கிடக்கும் பூமிக்கு இப்படிப் பெயர் வைத்தவர்கள் ஆர்க்னி தீவுகளிலும் பக்கத்து கேத்னஸிலும் குடியேறிய வைக்கிங்குகள். அவர்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் இது தெற்கு. ஊருக்குப் பெயர் வைப்பவன் எப்போதும் வெளியிலிருந்து வந்தவன் என்று அப்பா சொன்னார். சதர்லாந்தைப் பொறுத்தவரை பெயர் மட்டும் இல்லை, மற்ற எல்லாவற்றையும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான் தீர்மானித்தார்கள் என்பது இரண்டு நாள் சுற்றிய பிறகு புரிந்தது.

அப்பா கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுக்கோட்டைப் பக்கம் முப்பது வருடம் அடங்கலும் சிட்டாவும் எழுதியவர். நான் இன்வர்னஸில் வேலை பார்க்கிறேன். 2024 ஜூனில் அவர் என்னிடம் வந்திருந்தபோது, எங்கேயாவது கூட்டிப் போக வேண்டுமே என்று வடக்கே காரை விட்டேன். கோட்டை, ஏரி, விஸ்கி ஆலை என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அவருக்கு அதில் எதிலும் அக்கறை இல்லை. மலையைக் காட்டினால், "இது யார் பேர்ல பட்டா?" என்று கேட்பார்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். சதர்லாந்தின் பரப்பு சுமார் 5,250 சதுர கிலோமீட்டர். புதுக்கோட்டை மாவட்டத்தை விடப் பெரிது. அங்கே 2011 கணக்குப்படி 16 லட்சம் பேர். இங்கே சுமார் 13,000 பேர், அதாவது சதுர கிலோமீட்டருக்கு இரண்டரை ஆள். கவுண்டி என்ற நிர்வாக அமைப்பு 1975லேயே போய்விட்டது. இப்போது ஹைலேண்ட் கவுன்சிலின் ஒரு மூலை. ஆனால் இங்கே யாரைக் கேட்டாலும் சதர்லாந்துக்காரர் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

நிலம் ஒரே மாதிரி இல்லை. கிழக்குக் கரை கொஞ்சம் சாதுவானது. பார்லி வயல், டோர்னாக் என்ற சின்னத் தலைநகரம், அதில் 13ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், உலகப் புகழ் கோல்ஃப் மைதானம். (பிரிட்டனில் சூனியக்காரி என்று சொல்லி எரிக்கப்பட்ட கடைசிப் பெண்ணும் டோர்னாக்கில்தான் எரிக்கப்பட்டாள், 1727ல். அங்கே 1722 என்று தப்பாக ஆண்டு பொறித்த ஒரு கல் நிற்கிறது.) மேற்கே போனால் வேறு உலகம். முன்னூறு கோடி ஆண்டு வயதான நைஸ் என்ற வகைப் பாறை, அதன் மேல் தனித்தனியாக நட்டு வைத்தாற்போல மலைகள். சூல்வன் என்ற மலை வெறும் 731 மீட்டர்தான், ஆனால் பக்கத்தில் போட்டிக்கு எதுவும் இல்லாததால் இமயம் மாதிரி மிரட்டுகிறது. இந்தப் பக்கத்தில்தான் வயதான பாறை இளம் பாறையின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பீச், ஹார்ன் என்ற இரண்டு நிலவியலாளர்கள் வரைபடமாக்கி நிரூபித்தார்கள். நடுவில் இருப்பது சதுப்பு. கண்ணுக்கு எட்டியவரை பழுப்புச் சதுப்பு.

சாலை ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்குமிடத்தில் நிற்க வேண்டும். கடந்து போகிறவர் கையைத் தூக்கி நன்றி சொல்வார். முதல் அரை மணி நேரம், "உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, அப்புறம் எனக்கு முன்னாலேயே கையைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்.

நேவர் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு ஸ்ட்ராத்நேவர். அங்கே ஓரிடத்தில் காரை நிறுத்தச் சொன்னார். எதிரே சரிவில் பழுப்புக்கு நடுவே திட்டாக ஒரு பச்சை.

"அங்க குடியிருந்திருக்காங்க."

"எப்படிப்பா சொல்றீங்க?"

"சுத்தி இப்படி வறண்டு கிடக்கு, அது மட்டும் ஏன் பச்சையா இருக்கு? தலைமுறை தலைமுறையா எருப் போட்ட மண்ணு தம்பி அது."

அவர் சொன்னது சரி. இங்கே எல்லாப் பாழூரும் இப்படித்தான் அடையாளம் தெரிகிறது. வீட்டுச்சுவர் சரிந்து கல்லாகிவிட்டது, ஆனால் மாட்டுச்சாணமும் கடற்பாசியும் சாம்பலும் கொட்டி வளர்த்த மண் இருநூறு வருடத்துக்குப் பிறகும் காட்டிக்கொடுக்கிறது. வந்து போகிறவர்கள் இந்த வெறுமையைப் பார்த்து, ஆதி இயற்கை, மனிதக் கால் படாத பூமி என்று பதிவு போடுகிறார்கள். 2015ல் வடகரையைச் சுற்றிவரும் 500 மைல் சாலைக்கு விளம்பரம் கொடுக்க ஆரம்பித்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் அதிகம். எனக்கு அதைக் கேட்டால் எரிச்சலாக வரும். இது காலியாகப் பிறந்த நிலம் இல்லை. காலி செய்யப்பட்ட நிலம். தேதியோடு, உத்தரவோடு, கணக்குப் புத்தகத்தோடு.

1765ல் பிறந்த எலிசபெத் என்ற குழந்தைக்கு ஒரு வயதில் அப்பா அம்மா இருவரும் இறந்து போக, சதர்லாந்து சீமாட்டி என்ற பட்டமும் கவுண்டியின் பெரும்பகுதி நிலமும் அவளுக்கு வந்தன. 1785ல் அவள் மணந்துகொண்டது ஆங்கிலேயப் பெருஞ்செல்வர் வீட்டு வாரிசை. அவருக்கு 1803ல் மாமா வழியில் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் வருமானமும் சேர, அந்தக் காலத்தில் பிரிட்டனிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர் ஆனார். சாவதற்குச் சில மாதம் முன்பு, 1833ல், சதர்லாந்தின் முதல் கோமகன் என்ற பட்டமும் கிடைத்தது. கையில் பணம் கொட்டிக் கிடந்த இந்தத் தம்பதிக்கு நிலத்தைச் 'சீர்திருத்த' ஆசை வந்ததுதான் வினை.

அப்போது உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் கேலிக் பேசும் மக்கள் ஓட்ஸும் பார்லியும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு, கறுப்பு மாடு வளர்த்து, கோடையில் மாட்டை ஓட்டிக்கொண்டு மேட்டுப் புல்வெளிக்குப் போய்க் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். பசி தெரியாத வாழ்க்கை இல்லை அது; விளைச்சல் பொய்த்த வருடங்களில் ஜமீன்தான் தானியம் இறக்கிக் கொடுத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். தெற்கிலிருந்து செவியட் என்ற செம்மறியாடு வந்தது. கம்பளிக்கு நல்ல விலை. பெரிய குத்தகைக்காரர் ஒருவர் ஆயிரக்கணக்கில் ஆடு விட்டால், நூறு குடியானவர்கள் தருவதைவிடப் பல மடங்கு குத்தகைப் பணம் தருவார். சரி, ஆடு மலையில் மேயட்டும், மக்கள் பள்ளத்தாக்கில் இருக்கட்டும் என்று விட்டிருக்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். செவியட் ஆடு கோடையில் மலையில் மேயும்; குளிர்காலத்தில் அதற்குப் பள்ளத்தாக்கின் பசும்புல் வேண்டும். அந்தப் பசும்புல்தான் அப்பா கைகாட்டிய பச்சை. மக்கள் எருப் போட்டு உண்டாக்கிய அதே மண்.

ஜமீனுக்குக் காரியஸ்தர்களாக வில்லியம் யங், பேட்ரிக் செல்லர் இருவரும் வந்தார்கள். மேலே இருந்து திட்டம் போட்டவர் ஜேம்ஸ் லாக் என்ற வழக்கறிஞர். 1813ல் கில்டோனன் பள்ளத்தாக்கு மக்கள் எதிர்த்து நிற்க, பட்டாளம் வந்தது. அந்த ஊர்க்காரர்களில் நூறு பேர் அளவில் அதே வருடம் கப்பலேறி ஹட்சன் விரிகுடாவில் இறங்கி, குளிர்காலத்தைக் கழித்து, பனியில் நடந்தும் பிறகு படகேறியும் செவ்வாற்றங்கரைக்குப் போனார்கள். இன்றைய வின்னிபெக் நகரத்தில் கில்டோனன் என்று ஒரு பகுதியே இருக்கிறது. கில்டோனனில் கில்டோனன் ஆட்கள் இல்லை, கனடாவில் இருக்கிறார்கள்.

1814ல் ஸ்ட்ராத்நேவர். இங்கே மரம் அபூர்வம், அதனால் வீட்டுக்காரன் கிளம்பும்போது கூரைக்கட்டையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போவான். அதைப் புது இடத்தில் நிறுத்தினால்தான் வீடு. செல்லரின் ஆட்கள் அந்தக் கட்டைகளுக்குத் தீ வைத்தார்கள், திரும்ப வந்து குடிசை போடக் கூடாது என்று. எரிந்த வீடு ஒன்றிலிருந்து கடைசி நேரத்தில் தூக்கி வெளியே கொண்டுவரப்பட்ட, நூறு வயதை நெருங்கிய கிழவி சில நாளில் இறந்தாள். செல்லர் மேல் கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்ததாக வழக்கு வந்து, 1816 ஏப்ரலில் இன்வர்னஸில் விசாரணை நடந்தது. நிலமும் வசதியும் உள்ளவர்கள் நிறைந்த ஜூரி அவரை விடுதலை செய்தது. அவருக்கு எதிராகச் சாட்சி திரட்டிய ராபர்ட் மக்கிட் என்ற உள்ளூர் நீதி அதிகாரி அடுத்த வருடம் செல்லரிடமே மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. காலி செய்த அந்த நிலத்தில் ஆட்டுப்பண்ணைக் குத்தகை எடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? செல்லரேதான்.

இதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். "ஏலம் விட்டவனே ஏலம் எடுத்தானா?" என்றார். அவர் வேலை பார்த்த காலத்தில் இப்படி எத்தனை பார்த்தாரோ, அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

1819ல் நடந்தது இன்னும் பெரியது. ரோசல் ஊரைச் சேர்ந்த டொனால்ட் மக்லவுட் என்ற கல்தச்சர் ஓர் இரவு மேட்டில் ஏறி நின்று, எரியும் வீடுகளை எண்ணியதாகப் பிற்பாடு எடின்பரோ பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கடிதங்களில் சொல்கிறார். 250 வீடுகள்.

விரட்டப்பட்டவர்களுக்குக் கடற்கரையில் துண்டுதுண்டாக நிலம் கொடுத்தார்கள். இதற்குக் 'கிராஃப்ட்' என்று பெயர். குடும்பம் பிழைக்க அது பத்தாது. வேண்டுமென்றேதான் அப்படி அளந்தார்கள். அப்போதுதான் மீன் பிடிக்கவும் கூலிக்கும் போவார்கள் என்று கணக்கு. மாடு மேய்த்தவன் படகைத் தொட்டதே இல்லை. வடகரையில் அப்படி உண்டான ஊர் ஒன்றுக்குப் பெயர் பெட்டிஹில். சீமாட்டி எலிசபெத்தின் செல்லப்பெயர் பெட்டி. விரட்டியவர் பெயரிலேயே ஊர்.

இனி அப்பாவுக்கு உண்மையிலேயே ஆர்வம் வந்த இடம். இரவு பதினொன்று மணிக்கும் வெளிச்சம் போகாத ஜூன் மாதம். தங்கின விடுதியில், கண்ணுக்கே தெரியாத மிட்ஜ் பூச்சி கடிக்காமல் இருக்க ஜன்னலை மூடிக்கொண்டு, மக்கள்தொகை எண்களை வாசித்துக் காட்டினேன். 1801ல் 23,117. 1811ல் 23,629. 1821ல் 23,840. 1831ல் 25,518. உச்சம் 1851ல், 25,793.

அதாவது ஊர் ஊராக எரித்த காலத்தில் கவுண்டியின் மக்கள்தொகை குறையவே இல்லை. கூடியிருக்கிறது. ஜமீனுக்கு ஆதரவாக எழுதினவர்கள் இந்த எண்ணைத்தான் தூக்கிக் காட்டினார்கள். நானும் முதல்முறை பார்த்தபோது குழம்பினேன், எரித்த கதைகளெல்லாம் மிகையோ என்று.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொத்தத்தைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. பிர்க்காவுல எப்பவும் கூட்டல் சரியாத்தான் இருக்கும். கிராமவாரியா இருக்கா?"

இருந்தது. கில்டோனன் திருச்சபை வட்டத்தில் 1811ல் 1,574 பேர். 1821ல் 565. 1831ல் 257.

இருபது வருடத்தில் ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். மீதிப்பேர் சிலர் கப்பலில், பலர் ஹெல்ம்ஸ்டேல் போன்ற கரையோரப் புது ஊர்களில். கவுண்டியின் கூட்டல் தொகையில் இவர்கள் நகர்ந்தது தெரியவே தெரியாது. ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு எண் மாறியது, அவ்வளவே. பத்துத் தலைமுறை எருப் போட்ட மண்ணிலிருந்து உப்புக்காற்று அடிக்கும் கற்பாறைக்குப் போனதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கரையோரத் துண்டு நிலம் அத்தனை பேரைத் தாங்கவில்லை. 1846ல் உருளைக்கிழங்கு நோய், அப்புறம் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. 1901ல் 21,440. 1951ல் 13,670. அதிலிருந்து இன்றுவரை அங்கேயே தத்தளிக்கிறது. ஆக, விரட்டினதற்கும் ஆள் குறைந்ததற்கும் நடுவே ஒரு தலைமுறை இடைவெளி. அந்த இடைவெளிதான் குற்றவாளியைத் தப்ப வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளியே பேசியவர்கள் இல்லாமல் இல்லை. அடுத்த தலைமுறைக் கோமகள் லண்டனில் அமெரிக்க அடிமை முறைக்கு எதிராகச் சீமாட்டிகளைத் திரட்டியபோது, 1853ல் ஒரு நியூயார்க் நாளிதழில் கார்ல் மார்க்ஸ் அந்தக் குடும்பத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். 15,000 பேரை விரட்டி 1,31,000 ஆடுகளைக் குடியமர்த்தினார்கள் என்பது அவர் கொடுக்கும் கணக்கு. ஊரில் சொல்லும் கதை இன்னொன்று. கிரிமியப் போருக்கு ஆள் எடுக்கக் கோமகன் வந்தாராம். ஒருத்தரும் முன்வரவில்லை. ஒரு கிழவர் எழுந்து, ஆடுகளையும் மான்களையும் அனுப்புங்கள் என்றாராம். நடந்ததோ இல்லையோ, நன்றாக இருக்கிறது.

ஆட்டின் காலமும் நீடிக்கவில்லை. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கம்பளி வந்து விலை சரிய, பண்ணைகள் பணக்காரர்கள் வேட்டையாடும் மான் காடுகளாயின. இங்கே மான் காடு என்றால் அதில் மரம் இருக்காது. வெறும் மொட்டை மலைக்கு அந்தப் பெயர். 1868 கடைசியில் கில்டோனன் ஓடையில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய உள்ளூர்க்காரர் தங்கம் கண்டுபிடிக்க, 1869ல் சில மாதத்துக்கு அங்கே கூடாரம் போட்டு நூற்றுக்கணக்கில் ஆள் குவிந்தது. கோமகன் மாதத்துக்கு ஒரு பவுண்டு உரிமக் கட்டணம் வாங்கினார். மேய்ச்சலும் மான் வேட்டையும் கெடுகிறது என்ற புகார் வந்ததும் அந்த வருட முடிவோடு இழுத்து மூடிவிட்டார். தங்கத்தைவிட மான் லாபம்!

மறுநாள் கோல்ஸ்பிக்கு மேலே இருக்கும் குன்றில் முதல் கோமகனின் சிலையைக் காட்டினேன். பீடத்தோடு 30 மீட்டர் உயரம். சாலையில் எங்கே வளைந்தாலும் பின்னாலேயே வருகிறது. நன்றியுள்ள குடிகள் எழுப்பியது என்கிற மாதிரி எழுதியிருக்கிறது. 'மேனி' என்று உள்ளூரில் கூப்பிடுகிறார்கள், சின்ன ஆள் என்பது மாதிரி ஒரு கேலி. இடித்துத் தள்ள வேண்டும் என்று 1990களிலிருந்து பேச்சு இருக்கிறது. அப்பா, "இருக்கட்டும், இடிச்சா யார் செஞ்சான்னு மறந்துருவாங்க" என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை; நினைவு வைக்க இத்தனை உயரம் எதற்கு? ஹெல்ம்ஸ்டேலில் 2007ல் வைத்த புலம்பெயர்ந்தோர் சிலையில் ஒரு குடும்பம் நடந்து போகிறது, தாய் மட்டும் பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்க்கிறாள். அது போதும்.

அந்தக் கரையோர ஊர்களில் மொழிக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். விரட்டப்பட்டு மீனவர்களாக மாறியவர்கள் பிரோரா, கோல்ஸ்பி, எம்போ என்ற மூன்று ஊர்களில் கேலிக்கைத் தங்களுக்குள் வைத்திருந்தார்கள். சுற்றியிருந்தவர்கள் அவர்களை மீன்காரர்கள் என்று ஒதுக்கினதால்தான் மொழி அத்தனை நாள் தாக்குப்பிடித்தது. 1963ல் அங்கே வந்த நான்சி டோரியன் என்ற அமெரிக்க மொழியியலாளர், அந்த வட்டார வழக்கு தேய்ந்து போவதைப் பல்லாண்டு உடனிருந்து பதிவு செய்தார். புரியும், ஆனால் தடுமாறித்தான் பேச வரும் என்ற தலைமுறையை அவர் 'அரைப் பேச்சாளர்' என்றார். என் மகளிடம் நான் தமிழில் கேட்டு அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் நினைவுக்கு வருகிறது.

மேற்கே அசிண்ட் வட்டாரத்துக்கு வந்தபோது அப்பாவின் பட்டாக் கேள்விக்கு ஒருவழியாக நல்ல பதில் கிடைத்தது. அங்கே 21,000 ஏக்கர் ஜமீன் ஒன்று கைமாறிக் கைமாறி ஒரு ஸ்வீடன் நிலவணிக நிறுவனத்திடம் போய், அது திவாலானது. துண்டு துண்டாக விற்கப் போகிறார்கள் என்றதும், அந்த நிலத்திலேயே குடியிருந்த கிராஃப்ட்காரர்கள் நிதி திரட்டி 1993 பிப்ரவரியில் மூன்று லட்சம் பவுண்டுக்கு மொத்தத்தையும் வாங்கிவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டத்துக்கு முன்னோடி இதுதான். "அப்போ இது கூட்டுப் பட்டா" என்று அப்பா சொன்னபோது, காரை விட்டு இறங்கி அந்த மண்ணில் கொஞ்ச நேரம் நின்றார். மற்ற இடங்கள் இன்னும் பெரும் தனியார் கைகளில்தான். ஒரு டேனிஷ் கோடீஸ்வரர், மான்களைக் குறைத்துக் காட்டை மீட்பதாகச் சொல்லிப் பெரும்பரப்பு வாங்கி வைத்திருக்கிறார். நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் மறுபடியும் ஒருவர் ஆசைப்படி நிலம் மாறுகிறது.

அப்பா ஊருக்குத் திரும்பிய ஒரு மாதத்தில் டெல்லியில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு கூடியது. அசாமின் மொய்தாம் புதைமேடுகளைப் பட்டியலில் சேர்த்த அதே கூட்டத்தில், சதர்லாந்திலும் கேத்னஸிலும் பரந்து கிடக்கும் சதுப்பையும் சேர்த்தார்கள். மட்கிய பாசியால் ஆன பீட் மண் அது, ஆயிரக்கணக்கான வருடமாகக் கார்பனைப் பிடித்து வைத்திருக்கிறது. 1980களில் வரிச்சலுகைக்காகப் பணக்காரர்கள் இதில் வாய்க்கால் வெட்டி ஊசியிலை மரம் நட்டார்கள். 1988 பட்ஜெட்டில் சலுகையை நிறுத்திய பிறகே அது ஓய்ந்தது. நட்ட மரங்களை இப்போது வெட்டி, வாய்க்கால்களை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். வடகரைச் சதுப்பில் ராக்கெட் தளம் கட்டும் வேலையும் நடந்தது; 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் ஷெட்லாந்துக்குப் போவதாக அறிவித்துவிட்டது. வேலை வரும், பிள்ளைகள் ஊரிலேயே தங்குவார்கள் என்று காத்திருந்தவர்கள் இருந்தார்கள். டர்னஸ் மாதிரி ஊரிலிருந்து இன்வர்னஸின் பெரிய மருத்துவமனைக்கு நூறு மைலுக்கு மேல். வீடுகள் விடுமுறைக்கு வருகிறவர்கள் கைக்குப் போகின்றன. லேர்க்கில் வருடாவருடம் நடக்கும் ஆட்டுச்சந்தை மட்டும் ஐரோப்பாவின் மிகப் பெரிய ஒருநாள் சந்தைகளில் ஒன்று.

ராக்கெட் செய்தியைச் சொல்லப் போனில் கூப்பிட்டபோது அப்பா வேறொன்றைக் கேட்டார். "ரோசலுக்குப் போனமே, அந்த ரோட்டு நம்பர் என்ன?"

பி 871 என்றேன். முதல் நாள் மாலை அங்கே போயிருந்தோம். வனத்துறை நட்ட மரங்களுக்கு நடுவே வட்டமாக விட்ட வெட்டவெளி, பழைய எல்லைச்சுவர், மட்டமாகிக் கிடக்கும் நீள வீடுகள். அப்பா ஒரு வீட்டின் நீளத்தைக் காலால் அளந்தார். சரிந்த கோடியைக் காட்டி, மூத்திரம் ஓட வாட்டம் விட்டிருக்கிறார்கள், இந்தப் பக்கம் மாடு கட்டியிருப்பார்கள் என்றார். விளக்கப்பலகையில் அப்படியேதான் போட்டிருந்தது.

"எதுக்குப்பா நம்பர்?"

பழைய அடங்கல் மாதிரி நோட்டில் கோடு போட்டு, பார்த்த ஊர்களையெல்லாம் எழுதி வைக்கிறாராம். ஊர், வழி, நீர் ஆதாரம், வீடு, பயிர்.

"குடியிருக்கிறவங்கன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல ரோசலுக்கு என்ன எழுதினீங்க?"

"சைபர்தான். ஆனா பென்சில்லதான் போட்டிருக்கேன்" என்றார்.